சதுரங்க வீரர் மீர் சுல்தான் கான்

சதுரங்கம் நம் நாட்டிற் பிறந்த ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அப்பெயர்க்குக் காரணம் என்பதைத் தமிழ் பயில்வார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அது பாரசீகத்தின் வழியே மேற்கு நோக்கிச் சென்று ஐரோப்பியரின் ஆட்டமாயிற்று. கிழக்கே ஜப்பான் நாட்டில் வழங்கும் ஷோகி என்னும் ஆட்டமும் இதன் வழித்தோன்றலே என்பர் அறிஞர். தாய் ஒருத்தியே, ஆயினும் பிள்ளைகள் முகம் வேறு, குணம் வேறு. ஷோகியில் பலகைக்கு 81 கட்டங்கள். ஒருவர்க்கு 20 காய்கள். வெட்டுண்ட காய் மாண்டுபோவதில்லை. வெட்டியவர் அதைத் தம் படையிற் சேர்த்துக்கொண்டு வேண்டிய பொழுது வெற்றுக் கட்டத்தில் இறக்கி ஆடுவர். நேற்று நம் பக்கம் நின்ற வீரன் இன்று நம்மை எதிர்த்து வருவான்.

இவ்வாட்டத்திற்குச் சிறு வடிவம் ஒன்றும் உண்டு. 1970-ஆம் ஆண்டையொட்டி ஓசாகா நகரத்தினராகிய ஷிகெனோபு குசுமோட்டோ என்பார் அதனைப் பரப்பினர். ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்களே. ஒருவர்க்கு அரசன், பொற்படைத் தலைவன், வெள்ளிப்படைத் தலைவன், நேராகச் செல்வது ஒன்று, மூலைவாட்டில் செல்வது ஒன்று, காலாள் ஒன்று என ஆறு காய்களே. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்து இக்கல்லூரியிற் பயிலும் யாம் அட்டையிற் கட்டம் கீறி, காய்களையும் அட்டையிலேயே வெட்டிக்கொண்டு இதனை ஆடுவதுண்டு. விடுமுறைக்குச் செல்லுங்கால் விழுப்புரத்தில் வண்டி புறப்பட்ட பின் தொடங்கினால் திண்டிவனம் வருமுன் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். இதில் யாம் கண்டது ஒன்று: பெரிய சதுரங்கத்தில் தேர்ந்தவரே இங்கு முதலில் மிகுதியும் தோற்பர். வெட்டிய காய் திரும்பி வரும் என்பதை அவர் அறிவு அறியும். கையும் கண்ணும் அறியா. ஓர் ஆட்டத்தைக் கற்பதினும் கற்ற ஆட்டத்தை மறந்து அதன் உடன்பிறப்பைக் கற்பது கடினம். ஜப்பானில் ஷோகி ஆட்டத்திற் பெரும்புகழ் பெற்ற யோஷிஹாரு ஹாபு ஐரோப்பியச் சதுரங்கத்திலும் பட்டம் பெற்றவர், அத்தகையோர் சிலரே.

அச்சிலருள் தலையாயவர் எனத் தக்க ஒருவர் நம் பழைய இந்தியாவிலேயே வாழ்ந்தார். அவர் மீர் சுல்தான் கான். ஐந்து ஆண்டுகளுக்குட்பட்ட காலமே ஐரோப்பிய அரங்கில் ஆடினார். அதற்குள் உலகத் தலைவர்களை அஞ்சச் செய்து, பின்னர் ஓசையின்றித் தம் வயலுக்குத் திரும்பினார். சுல்தான் என்பது அவருடைய இயற்பெயர், அரச பதவியன்று. அதனைப் பட்டமென்று மயங்கி, இந்தியாவிலிருந்து ஓர் இளவரசர் வந்திருக்கின்றார் என்று கருதிய ஐரோப்பியரும் உளர்.

அவர் பிறந்தது பஞ்சாபில் மிட்டா திவானா என்னும் ஊர். இன்று அது பாகிஸ்தானத்தின் குஷாப் மாவட்டத்தில் உள்ளது. பிறந்த ஆண்டை 1903 என்பாரும் 1905 என்பாரும் உளர். சமயத் தொண்டும் நிலபுலமும் உடைய முஸ்லிம் குடும்பம். ஒன்பதாம் வயதளவில் தந்தையாரிடமே சதுரங்கம் கற்றார். இருபத்தொரு வயதாகும்பொழுது பஞ்சாபில் அவரை வெல்வார் அரியர் என்னும் பெயர் எய்தினார்.

அவர் கற்ற சதுரங்கம் இன்று நாம் பள்ளிகளிற் காணும் சதுரங்கமன்று என்பதை இங்கே கருத வேண்டும். இந்திய முறையில் காலாள் தன் முதல் நடையில் இரண்டு கட்டம் தாவுதல் இல்லை; எப்பொழுதும் ஒரு கட்டமே. அரசனும் யானையும் ஒருசேர இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அதற்கு ஈடாக அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போற் பாயலாம். எதிர்க்கோடியை அடைந்த காலாள் தான் விரும்பிய உருவை எடுக்க இயலாது. எந்தக் கட்டத்தை அடைந்ததோ அதற்குரிய காயாகவே மாறும். இவை சிறு வேறுபாடுகள் போலத் தோன்றும். ஆயின் ஆட்டத்தின் நடையையே இவை மாற்றிவிடுகின்றன. ஐரோப்பிய முறையில் இரு படைகளும் மூன்று நான்கு நடைகளுக்குள் கைகலந்துவிடும்; ஆதலின் தொடக்க நடைகளை நூற்றுக்கணக்காக ஆராய்ந்து நூல்களில் எழுதிவைத்தனர். இந்திய முறையிலோ படைகள் மெல்ல மெல்ல அணிவகுத்துப் பின்னரே மோதும். இதில் மனப்பாடம் உதவாது. பொறுமையும், நிலையறிந்து கணிக்கும் ஆற்றலும், முடிவு காணும் நுட்பமுமே உதவும்.

இவ்விரு முறைகளுக்கும் இடையே பாலம் அமைக்க முயன்றவர் முன்னரும் இருந்தனர். பெயரால் தென்னாட்டினர் எனத் தோன்றும் திருவேங்கடாசாரிய சாஸ்திரியார் வடமொழியில் எழுதிய சதுரங்க நூலை ஐரோப்பிய முறைக்கு இயையுமாறு அமைத்து 1814-ஆம் ஆண்டு பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆனால் நூலில் எழுதுவது வேறு, எதிரியின் முன் அமர்ந்து ஆடுவது வேறு. நிற்க.

சுல்தான் கானின் வாழ்வைத் திருப்பியவர் கர்னல் நவாப் சர் உமர் ஹயாத் கான் திவானா. பெருநிலக்கிழார், படைத்தலைவர், சதுரங்கத்திற் பெருவேட்கை உடையவர். 1926-ஆம் ஆண்டளவில் அவர் இவ்விளைஞரைத் தம் ஆதரவிற் கொண்டு ஐரோப்பிய முறையைப் பயிலச் செய்தார். 1928-இல் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டினை வென்று ஒன்றைச் சமன் செய்து முதல்வரானார். மறு ஆண்டு சர் உமர் இந்தியா கவுன்சிலின் அங்கத்தினராகி இலண்டன் சென்றார். இவரும் உடன் சென்றார்.

1929-ஆம் ஆண்டு வசந்தத்தில் இலண்டனை அடைந்த இவர்க்குப் பயிற்சியாகச் சிறு போட்டி ஒன்று ஏற்பாடு செய்யப்பெற்றது. அதில் இவர் கடைசி இடத்தையே வேறொருவருடன் பகிர்ந்துகொண்டார். வியப்பென்ன? எதிரிகள் தொடக்க நடைகளை நூலிற் கற்று வந்தவர்; இவர்க்கோ ஆங்கில நூல்கள் துணையாகவில்லை. உள்ளத்தில் பஞ்சாபின் ஆட்டம், முன்னே ஐரோப்பாவின் பலகை. அப்பொழுது வில்லியம் வின்டர், பிரெடரிக் யேட்ஸ் என்னும் இரு ஆங்கில ஆட்டக்காரர் இவரோடு அமர்ந்து பயிற்சி அளித்தனர். அவ்விருவரும் வரவிருந்த பிரிட்டிஷ் போட்டியில் இவர்க்கு எதிரிகளாகத் தக்கவர் என்பதை நினைக்குங்கால் அவர்தம் பெருந்தன்மை நன்கு விளங்கும். அவ்வாண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த அப்போட்டியில், எவரும் எதிர்பாராத வகையில், சுல்தான் கான் பிரிட்டிஷ் முதன்மை வீரரானார். கடைசி இடத்திற்கும் முதலிடத்திற்கும் இடையே கழிந்தவை சில மாதங்களே.

அவ்வாண்டின் இறுதியில் இந்தியா திரும்பி, 1930-இல் மீண்டும் ஐரோப்பா சென்றார். பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரப் போட்டியில் டார்டகோவருக்கு அடுத்த இரண்டாம் இடம் பெற்றார். ஹாம்பர்க்கில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் இவரே அமர்ந்தார். இந்திய நாடு தன் பெயரால் அவ்வரங்கில் முதன்முதல் ஆடியது 1956-இல் மாஸ்கோவில். அதற்கு 26 ஆண்டு முன்னரே பஞ்சாபி ஒருவர் ஆங்கிலக் கொடியின் கீழ் அந்நாட்டினர் அனைவர்க்கும் மேலாக அமர்ந்திருந்தார். இதனைப் பெருமையென்பதா, வேறு சொல்வதா என்பதை வரலாறு பயிலும் நண்பர்க்கு விட்டுவிடுகின்றோம். ஹாம்பர்க்கில் சில அணியினர் இவரைப் பொருட்படுத்தாது தம் இரண்டாம் மூன்றாம் நிலை ஆட்டக்காரரையே எதிர்நிறுத்தினர். 17 ஆட்டங்களில் ஒன்பது வெற்றியும் நான்கு சமனும் பெற்றார். அடுத்த ஆண்டு பிராகு நகர ஒலிம்பியாடில் எவரும் அவ்வாறு இகழ்ந்ததாகத் தெரியவில்லை.

இடையில் நிகழ்ந்ததே அதற்குக் காரணம். 1930-ஆம் ஆண்டு முடிந்து 1931 பிறக்கும் நாட்களில் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை நகரில் வழக்கமான போட்டி நடந்தது. அங்கே வந்திருந்தவருள் கியூபா நாட்டுக் காபபிளாங்கா ஒருவர். 1921 முதல் 1927 வரை உலக முதன்மை வீரராயிருந்தவர். ஆண்டுக்கணக்கில் ஓர் ஆட்டமும் தோலாதவர் என்னும் புகழ் படைத்தவர். சிறு பருவத்திலிருந்தே சதுரங்கத்தைத் தாய்மொழிபோற் பேசியவர். அவரைச் சுல்தான் கான் வெள்ளைக் காய்களைக்கொண்டு எதிர்த்தார். அதிரடியான தாக்குதல் இல்லை. காண்போர் கைதட்டத் தக்க பலி கொடுத்தலும் இல்லை. மெல்ல இடத்தைக் குறுக்கி, போக்கிடங்களை ஒவ்வொன்றாக அடைத்து, 65-ஆம் நடையில் வென்றார். எங்கள் பக்கத்துச் செஞ்சிக் கோட்டையை முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட கதை திண்டிவனத்துப் பிள்ளைகள் அனைவரும் கேட்டது. அங்கே கோட்டை வீழ்ந்தும் ராஜாராம் தப்பிச் சென்றான். இம்முற்றுகையில் அரசனுக்கும் வழியில்லை. அப்போட்டியில் யூவே, காபபிளாங்கா இருவருக்கும் அடுத்து இவர் மூன்றாம் இடம் பெற்றார். தம்மை வென்ற இவரைப் பிற்காலத்தில் மேதை என்று சொல்லக் காபபிளாங்கா தயங்கவில்லை.

இங்கே எம் கருத்தைச் சொல்ல விழைகின்றோம். சுல்தான் கானைப் பற்றி எழுதுவோர் பலரும் அவரைக் கல்லாத மேதை என்றே புகழ்வர். கல்லாமை என்பது ஐரோப்பிய நூல்களைக் கல்லாமையாயின் உண்மையே. ஆயினும் ஒன்பது வயது முதல் இருபது ஆண்டளவும் இந்தியச் சதுரங்கம் என்னும் பழைய கல்வியில் அவர் தோய்ந்திருந்தார். அக்கல்வி கொடுத்ததே அவருடைய நடு ஆட்டத்தின் வலிமையும் இறுதி ஆட்டத்தின் நுட்பமும். அவர் தொடக்கத்தில் இடர்ப்பட்டதும், போகப் போக ஓங்கியதும் ஒரே காரணம்பற்றியன. காலாள் ஒரு கட்டமே நகரும் ஆட்டத்தில் வளர்ந்தவன் பொறுமையைத் தனியே கற்க வேண்டுவதில்லை. அவரைக் கல்லாதவர் என்பது, அவர்க்குக் கற்பித்த தந்தையாரையும், பஞ்சாபின் ஊர்தோறும் பலகை விரித்து ஆடிய பெயர் தெரியாத முதியோரையும் இல்லையெனக் கொள்வதாகும்.

1931-இல் டார்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டம் கொண்ட தனிப்போர் ஒன்று ஆடினார். நான்கு வென்று, மூன்று தோற்று, ஐந்து சமன் செய்து வெற்றி அவருடையதாயிற்று. அவ்வாண்டே பிராகு ஒலிம்பியாடில் 17 ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி. வென்றவருள் ஃபிளோரும் ரூபின்ஸ்டைனும் அடங்குவர். அப்பொழுது உலக முதன்மை வீரராயிருந்த அலெகைன் இவரிடம் சமனே பெற்றார். 1932-இல் ஃபிளோருடன் ஆடிய ஆறு ஆட்டப் போரில் ஒன்றை வென்று இரண்டைத் தோற்றார். அவ்வாண்டு இலண்டன் போட்டியில் அலெகைன், ஃபிளோர் ஆகியோர்க்கு அடுத்த இடத்தை அமெரிக்கராகிய காஷ்டனுடன் பகிர்ந்துகொண்டார். பிரிட்டிஷ் முதன்மையை 1932-இலும் 1933-இலும் மீண்டும் வென்றார்.

இவையெல்லாம் நல்லுடல் படைத்தவன் செய்த செயல்களுமல்ல. இளமையில் மலேரியாக் காய்ச்சலுற்றவர். இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அவர்க்கு ஒவ்வவில்லை. சளியும் தொண்டை நோயும் அடிக்கடி வருத்த, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டே ஆட வந்து அமர்வார்.

1933-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் நகரம் மற்றொரு வியப்பையும் கண்டது. சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் இளம்பெண் பிரிட்டிஷ் மகளிர் போட்டியிற் கலந்து பத்து ஆட்டம் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றும் தோலாது முதல்வரானார். ஓர் இல்லத்திலிருந்து ஒரே ஆண்டில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் முதன்மை! சுல்தான் கானைப் பற்றியேனும் எழுதினர். இப்பெண்ணைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். மகளிர் விடுதி அன்பர்களுள் எவரேனும் இப்பணியை மேற்கொண்டால் நன்று.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சுல்தான் கான் சர் உமரின் பணியாள் என்றே உலகம் நெடுங்காலம் கேட்டு வந்தது. 1933-இல் அமெரிக்க அணியினர் சர் உமரின் இலண்டன் மாளிகைக்கு விருந்திற்குச் சென்ற பொழுது, தாம் பெருவீரரென மதித்த சுல்தான் கானே தமக்கு உணவு பரிமாறக் கண்டு கூசியதாக ரூபன் ஃபைன் என்னும் அமெரிக்க வீரர் எழுதி வைத்தார். அது முதல் அக்கதை நூல்தோறும் வளர்ந்தது. எழுத்தறியாத அடிமை ஒருவன் உலகை வென்றான் என்பது கேட்கச் சுவையான கதையன்றோ? ஆனால் அவருடைய வழித்தோன்றல்கள் இதனை மறுக்கின்றனர். நிலமும் மதிப்பும் உடைய குடியிற் பிறந்தவர். எழுதப் படிக்க அறிந்தவர். சர் உமர் அவர்க்கு ஆதரவாளரே அன்றி ஆண்டானல்லர் என்பது அவர்கள் கூற்று. நம் நாட்டு வீடுகளில் விருந்தினர்க்குப் பரிமாறுதல் ஏவலாளர் தொழில் மட்டுமன்று. வீட்டு மக்களும், பெரியோர் முன்னிலையில் இளையோரும் செய்வதே. விழுப்புரத்தில் ஒரு திருமணப் பந்தியைக் கண்ட அயலார், பரிமாறுவோர் அனைவரும் கூலியாட்கள் என்று எழுதினால் நாம் நகைப்போம். ஃபைன் கண்டது பொய்யென்று யாம் கூறவில்லை. கண்டதற்கு அவர் கொண்ட பொருள் ஐயத்திற்குரியது. எனினும், எப்பொழுது செல்வது, எங்கே ஆடுவது, எப்பொழுது திரும்புவது என்பவற்றைச் சுல்தான் கான் தாமே முடிவு செய்யவில்லை என்பதும் மறுத்தற்கியலாது. அவர் ஐரோப்பா சென்றதும் மீண்டதும் சர் உமரின் பயணங்களைப் பொறுத்தே இருந்தன.

1933-ஆம் ஆண்டு டிசம்பரில் சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-இல் காடில்கர் என்னும் இந்திய வீரருடன் பத்து ஆட்டம் ஆடி ஒன்றை மட்டும் சமனாக விட்டு மற்றவற்றை வென்றார். அதன்பின் போட்டிக் களங்கள் அவரைக் காணவில்லை. அப்பொழுது அவர்க்கு வயது முப்பதளவே. ஆட்டக்காரர் பலர் முதிர்ச்சி எய்தும் பருவத்தில் இவர் பலகையை மடித்து வைத்தார். 1944-இல் சர் உமர் காலமானார். சர்கோதாவை அடுத்த தம் நிலத்திற் பயிர்செய்து, மனைவி மக்களோடு சுல்தான் கான் வாழ்ந்தார். 1947-இல் நாடு பிரிய, அவ்வயல்கள் பாகிஸ்தானத்துள் அடங்கின.

தம் பிள்ளைகட்கு அவர் சதுரங்கம் கற்பிக்கவில்லை. இதனினும் பயனுள்ள காரியம் ஏதேனும் செய்யுமாறு அவர்களிடம் கூறிவிட்டார் என்று அவர் மைந்தர் நினைவுகூர்ந்துள்ளார். இதனைப் படித்த நாளில் யாம் சிறிது வருந்தினோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் வருத்தம் எமதேயன்றி அவரதன்று எனத் தோன்றியது. உலகத் தலைவர்களை வென்று பார்த்தவர். அதன் பின்னும் வயலே மேலென்று கொண்டவர். ஆடத் தெரியாதவன் ஆட்டத்தை இகழ்வது எளிது; காபபிளாங்காவை வென்றவர் அவ்வாறு கூறினால் அது வேறு வகை. அவர் மனக்கசப்பினால் அவ்வாறு சொன்னார் என்பாரோடு யாம் உடன்படோம்.

உலகச் சதுரங்கப் பேரவையாகிய ஃபிடே 1950-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பெருவீரர் பட்டத்தை 27 பேர்க்கு வழங்கிற்று. ஆடுவதை விட்டு நெடுநாளான முதியோரும் பழைய பெருமை கருதி அதிற் சேர்க்கப்பெற்றனர். ரூபின்ஸ்டைன் இருந்தார், டார்டகோவர் இருந்தார், ஃபிளோர் இருந்தார். மூவரும் சுல்தான் கானிடம் தோற்றவர். சுல்தான் கான் பெயர் அப்பட்டியலில் இல்லை. பட்டியல் வெளிவந்த நாளில் அவர் உயிரோடு, சர்கோதாப் பக்கத்தில், தம் நிலத்தில் இருந்தார்.

1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் காசநோயால் இறந்தார். அவர் கற்ற இந்திய முறைச் சதுரங்கமும் அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1988-இல் சென்னையின் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதற் பெருவீரரானார். 2022-இல் எங்கள் ஊர்களுக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் உள்ள மாமல்லபுரத்தில் 44-ஆம் ஒலிம்பியாடு நடந்தது. அங்கே ஆடியவர் எவர்க்கும் அரசன் குதிரையைப் போற் பாய்வான் என்பது பழங்கதை.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஃபிடே சுல்தான் கானுக்குக் கௌரவப் பெருவீரர் பட்டம் அளித்தது. பேரவைத் தலைவர் இஸ்லாமாபாத் சென்று அப்பொழுது பாகிஸ்தானத்தின் இடைக்காலப் பிரதமராயிருந்தவரிடம் அதனை ஒப்புவித்தார். பாகிஸ்தான் நாட்டின் முதற் பெருவீரர் என்னும் பெயர் அன்று அவரைச் சார்ந்தது. அவர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.